கரும்பலகையில் ஐந்தில் இரண்டு

வாத்தியார் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கை நீட்டிக் காட்டுவார்கள். பெரியவரின் அப்பா வாத்தியார். பெரியவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகள் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்கு விஷயத்தில் அந்த வீட்டைப் பார்த்து யாரும் விரல் நீட்டியதில்லை. இப்போது நீட்டினார்கள்.

"தப்பான விடையைப் போர்டில் எழுதிவிட்டு டீச்சர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்" என்று பெற்றோர் சிலர் புகார் கொடுத்திருந்தார்கள். தலைமையாசிரியை ஒரு முடிவு சொன்னார். விருப்பமுள்ள எல்லோரும் வந்து வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். சரிப்படவில்லை என்றால் மருமகள் பழைய முறைக்கே திரும்பிவிட வேண்டும்.

அன்று காலையில் தானும் பார்க்கக் கிளம்பிய பெரியவர், செருப்பு மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, சரியான விடையை எழுதிப் போட்டா என்ன கெட்டுப்போச்சு?"

"அப்படியே பாத்து எழுதிக்குவாங்க மாமா. தப்பை எழுதினா எங்க தப்புன்னு தேடுவாங்க. இதை நிறையப் பேர் ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க."

"ஆராய்ச்சி பண்ணினவங்க நம்ம வீட்டுப் பேரைச் சுமக்கலையே."

"நான் சுமக்கறேனே, போதாதா?"

வகுப்பில் பெரியவர் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். பக்கத்தில் அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர். வாய் ஓயாதவர் என்பதால் 'வானொலி' என்று பெயர் வாங்கியவர்.

மருமகள் கேள்வியை எழுதினாள். பாதியும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் எவ்வளவு? பிள்ளைகள் துண்டுத் தாளில் பெயர் போடாமல் விடை எழுதிக் கொடுத்தார்கள். அவள் தாள்களைப் புரட்டி, ஒன்றை எடுத்து, கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்: ஐந்தில் இரண்டு.

"இன்னைக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச தப்பு இது. இதை எழுதினவங்க நல்லா யோசிச்சிருக்காங்க. ஆனா எங்கயோ சறுக்கியிருக்கு. எங்க?"

பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு அம்மா பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். வானொலி தொண்டையைச் செருமினார். பெரியவர் பெற்றோரின் முகங்களைப் பார்த்தார். தன் வீட்டுப் பெண் விடை தெரியாமல் நிற்பதாக இவர்கள் நினைத்துவிட்டால்? நாற்காலி கிறீச்சிட எழுந்தார்.

"மேலயும் கீழயும் தனித்தனியாக் கூட்டக் கூடாது! முதல்ல கீழ இருக்கிறதை..."

"ஐயா," என்றாள் மருமகள். வீட்டில் மாமா, பள்ளிக்கூடத்தில் ஐயா. "என் வகுப்புல கை தூக்கிட்டுத்தான் பேசணும். தயவுசெஞ்சு உட்காருங்க."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தக் கட்டடத்தில் அவரை உட்காரச் சொன்னவர் அதுவரை ஒருவரும் இல்லை. பெரியவரின் காது மடல் சிவந்தது. உட்கார்ந்தார்.

மருமகள் மறுபடி கையைக் கட்டிக்கொண்டாள். அவள் அவசரப்படவே இல்லை.

நடு வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி கை தூக்கினாள். "டீச்சர், முதல்லயே பாதி இருந்துச்சு. அதோட இன்னும் கொஞ்சம் சேத்தோம். ஐந்தில் இரண்டுன்னா பாதியைவிடக் கம்மி. சேத்தா எப்படிக் குறையும்? நடுவுல யாராவது தின்னுட்டாங்களா?"

வகுப்பே சிரித்தது. அடுத்து நாலைந்து கைகள் எழுந்தன. பங்குகள் ஒரே அளவில் இல்லை என்றான் ஒருவன். அப்போ எல்லாத்தையும் ஆறு ஆறாப் பிரிச்சுடலாம் என்றாள் இன்னொருத்தி. ஆறில் ஐந்து என்று வந்து நின்றது. மருமகள் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

ரெட்டைச் சடைக்காரி எழுந்து நின்றாள். "டீச்சர், அந்த ஐந்தில் இரண்டு என்னோடது!" ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி சுற்றிலும் பார்த்தாள். புகார் கொடுத்தவர்களில் அவளுடைய அப்பாவும் ஒருவர். அவர்தான் முதலில் கை தட்டினார்.

அடுத்த வாரம் முதல் மற்ற ஆசிரியர்களும் இந்த வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியை அங்கேயே அறிவித்தார்.

வெளியே வந்ததும் வானொலி தொடங்கினார். "என்ன சார், மருமக உங்களையே உட்கார வச்சுட்டாங்களே! ஊர் பூரா சொல்லப்போறேன்."

"தாராளமாச் சொல்லு," என்றார் பெரியவர், தோளை நிமிர்த்தி. "என்னையே உட்கார வைக்கத் தைரியம் இருக்கிற டீச்சர் எங்க வீட்டுலதான் இருக்கான்னு சேத்துச் சொல்லு."