முந்தின நாளே சேரும் கடிதங்கள்

ஹாக்ஸ்பி கிராமத்தில் டோரின் கடையில் வாங்கிய தபால்தலையை ஒட்டினால், கடிதம் பெட்டியில் போடுவதற்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடும். அச்சிட்ட விலைக்கு மேல் டோரின் பத்து பென்ஸ் வாங்கினார். அந்தப் பத்து பென்ஸுக்கு உரிய வேலையைத் தபால்தலை செய்தது, அவ்வளவுதான். ஊரில் யாரும் இதில் வியக்கவில்லை. அப்படிக் கூடுதலாக வாங்கலாமா என்பதுதான் எங்களுக்குப் பிரச்சினை. முகத்துக்கு நேரே குறை சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை, கடிதம்தான் எழுதுவோம். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் கிளிஃபர்ட், விலை ஏறிய அன்றே டோரினிடம் தபால்தலை வாங்கி, டோரின் மீதே அரசுக்குப் புகார் அனுப்பினார். அது முந்தின நாளே சேர்ந்ததால், அப்படியொரு விலையேற்றம் இன்னும் நடக்கவில்லை என்று பதில் வந்தது. நடந்தாலும், கடைக்காரர் தன் விருப்பம்போல் விலை வைக்கத் தடையில்லையாம். அதன்பின் கிளிஃபர்ட் மூன்று வருடம் அந்தக் கடைப் படியை மிதிக்கவில்லை.

மூன்றாம் வருடக் கோடைக் கண்காட்சியில் கேக்குகளுக்கு அவர்தான் நடுவர். தன் அக்கா ஹேசலின் கேக்கை மென்றவர், ஒலிபெருக்கி திறந்திருப்பதை மறந்து, இதைக் கொண்டு சுவர் எழுப்பலாம் என்றார். ஹேசல் அவரோடு பேசுவதையே நிறுத்தினார். மனைவி இறந்த பிறகு கிளிஃபர்டுக்கு ஞாயிறு மதியச் சாப்பாடும் பேச்சுத் துணையும் அக்கா வீட்டில்தான். மறுநாள் ஞாயிறு, தகர டப்பா சூப்பைத் தனியே குடித்தார். இனி எல்லா ஞாயிறும் இப்படித்தான் என்பது சூப் ஆறுவதற்குள் புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை மன்னிப்புக் கடிதத்துடன் டோரின் கடைக்குப் போனார். அது கண்காட்சிக்கு முன்பே, வெள்ளிக்கிழமையே சேர வேண்டும். நாளுக்குப் பத்து என்று முப்பது பென்ஸ் கூடுதலாக வாங்கிக்கொள்ளுமாறு கெஞ்சினார்.

"பத்துக்கு மேல வாங்க மாட்டேன். மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல."

"சட்டத்துல தடையே இல்லம்மா. எனக்கே எழுதி அனுப்பியிருக்காங்க."

"ஓ. அந்தப் புகார் உங்க வேலைதானா?"

கிளிஃபர்ட் முப்பது பென்ஸை எண்ணி மிட்டாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப நாப்பது," என்றார் டோரின்.

எனவே கடிதம் வியாழக்கிழமையே சேர்ந்தது. ஹேசல் அப்போது அடுப்பே பற்றவைக்கவில்லை. படித்தார், மன்னித்தார், பிறகு அதே கேக்கைச் சுட்டார். சனிக்கிழமை கிளிஃபர்ட் அதையேதான் சொன்னார். கூடாரம் முழுக்கக் கேட்டது.

"தெரியும்டா," என்றார் ஹேசல். "நாளைக்கு மதியம் வந்து மிச்சத்தையும் நீயே தின்னு."

போனார், தின்றார். ஆக, அந்த ஞாயிறு எங்கள் ஊரில் இரண்டு முறை நடந்தது. இரண்டில் சூப்தான் மென்மையாக இருந்தது என்று, அக்கா பக்கத்தில் இல்லாதபோது, கிளிஃபர்ட் சொல்வார்.