பச்சை நூல் கட்டிய காதல் கதை

எங்கள் வாசகர் வட்டத்தில் புத்தகத்தின் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. டீச்சரால் வந்த சட்டம் இது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அவர். ஒரு முறை பஸ்ஸில் காதல் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, அட்டையில் முத்தமிட்டுக்கொண்டிருந்த ஜோடியை எதிர் இருக்கையில் இருந்த பழைய மாணவன் பார்த்துவிட்டான். பார்த்தவன் சும்மா இருக்கக் கூடாதா, எழுந்து நின்று வணக்கம் வேறு சொல்லியிருக்கிறான். டீச்சர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீடுவரை நடந்தே போனார். அன்றிலிருந்து வட்டத்துக்கு வரும் ஒவ்வொரு நாவலுக்கும் காக்கித் தாளில் அட்டை போட்டு, தலைப்பு இருக்கும் முதல் பக்கங்களையும் அட்டைக்குள் மடித்துத் தைத்துவிடுவது வழக்கமாயிற்று. பிறகு எது என்ன கதை என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் நூல். சிவப்பு நூல் கட்டியிருந்தால் த்ரில்லர், பச்சை நூல் என்றால் காதல்.

வட்டம் கூடுவது ஒரு கண்ணாடிக் கடையில். கடைக்காரரை எல்லோரும் அண்ணா என்போம், அவர் மனைவியை அண்ணி. புதிதாக வந்த நாவல்களைத் தேடி வாங்குவது, அட்டை போடுவது, நூல் கட்டுவது எல்லாம் அண்ணிதான். மகளின் பிரசவத்துக்கு அவர் கிளம்பிப் போனதும் அந்த வேலை அண்ணா தலையில் விழுந்தது. அண்ணாவுக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். ஊருக்கெல்லாம் கண் பரிசோதிக்கிற மனிதர் இதை யாரிடம் போய்ச் சொல்வார்? இடது டப்பாவில் இருப்பது த்ரில்லர் நூல், வலது டப்பாவில் இருப்பது காதல் நூல் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பிறகு ஒரு நாள் மேஜையைத் துடைத்தார். துடைத்தவர் டப்பாக்களை இடம் மாற்றி வைத்தார்.

இதெல்லாம் பின்னால் தெரிந்த விஷயம். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், இப்போது வருகிற நாவல்கள் ஒரு மாதிரியாக இருக்கின்றன என்பதுதான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில், என் காலடியில் தனியாக ஒரு பிரேக்கோடு உட்கார்ந்து பழகியவள். பிரேக் இல்லாத இடத்தில் உட்கார்ந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. உலகத்தில் எல்லோரும் தாமதமாகத்தான் பிரேக் போடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். வட்டத்தில்கூட யாராவது கதையின் முடிவைச் சொல்ல வாயெடுத்தால் என் கால் தானாகத் தரையை அழுத்தும்.

ஒரு நாவலைப் படித்து முடித்தவர் எழுந்து நின்று மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அன்று டீச்சர் பச்சை நூல் கட்டிய ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தார். நாயகன் எவ்வளவு நுணுக்கமாகக் காதலிக்கிறான் என்று சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாயகி எப்போது விளக்கை அணைக்கிறாள் என்பதுகூட அவனுக்குத் தெரியுமாம். தெருவுக்கு எதிர்ப்புறம் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறானாம். முதல் பரிசாக அவளுக்கு நின்றுபோன கடிகாரம் ஒன்றை அனுப்புகிறானாம். உன்னைப் பார்த்த நொடியோடு என் நேரம் நின்றுவிட்டது என்று அர்த்தம், இந்தக் காலத்தில் யாருக்கு இப்படித் தோன்றும் என்று கேட்டார். அவளை விரும்பிய மற்ற ஆண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள், எங்கே போனார்கள் என்று விவரிக்காமல் விட்ட நாசூக்கு தனக்கு ரொம்பப் பிடித்தது என்றும் சொன்னார்.

அடுத்து எழுந்தவள் மருந்துக்கடை நடத்துகிற பெண். மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதுபோல் அளவாகப் பேசுகிறவள், அன்று நிறுத்தாமல் பேசினாள். அவள் கையில் இருந்தது சிவப்பு நூல். தான் படித்ததிலேயே பயங்கரமான கதை இது என்றாள். முதல் அத்தியாயத்திலேயே ஒருவன் பூங்கொத்தோடு வருகிறானாம். அதில் இருந்த ஒவ்வொரு பூவிலும் விஷம் உண்டா என்று இவள் தன் தொழில் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். மழையில் குடை பிடிக்கிறான், குளிருக்குச் சால்வை போர்த்துகிறான், எதற்கென்றே தெரியவில்லையாம்.

"அவளுக்குக் காய்ச்சல் வந்தப்போ சூப் வச்சுக் கொண்டு வரான். அவளும் அதைக் குடிச்சுடறா. நான் புத்தகத்தை மூடிட்டு, எங்க வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு வந்துதான் மீதியைப் படிச்சேன். கடைசிப் பக்கத்துல அவளைக் கல்யாணமே பண்ணிக்கறான். இனிமே அவளை யார் காப்பாத்துவா?"

என் கால் தரையை அழுத்தியது. ஆனாலும் முடிவைச் சொல்லிவிட்டாள் என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை. அந்தக் கதையை எண்ணி எல்லோரும் உறைந்து போயிருந்தோம்.

அவளையே பார்த்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தவன் என் தம்பி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான். பெண்களிடம் அவன் பேசிய மிக நீண்ட பேச்சு, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்பதுதான். விடாத இருமல் என்று இவள் ஒரு நாள் அவனிடம் வந்து நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டாள். நுரையீரலில் ஒன்றுமில்லை. இவனுக்குத்தான் அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு விலா எலும்பு வரிசையைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று என்னிடம் வந்து சொன்னான். மற்றவர்கள் முகத்தைப் பார்த்து மயங்குவார்கள், இவன் எலும்பைப் பார்த்து. அவளுக்காகவே வட்டத்தில் சேர்ந்தான். வந்த நாளிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்கு அவனை நினைத்தால் தூக்கம் வராது. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். அவனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. இவளையும் கோட்டைவிட்டால் அந்த எக்ஸ்ரே அறையின் ஈயக் கதவுக்குப் பின்னாலேயே காலத்தை ஓட்டிவிடுவான் என்று எனக்குத் தெரியும். பெண்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று எதிலாவது படித்துத் தெரிந்துகொள்ளட்டுமா என்று அவனே கேட்டான். டீச்சரிடமிருந்து அந்தப் பச்சை நூல் நாவலை வாங்கி அவன் கையில் கொடுத்தது நான்தான்.

தம்பி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். வெயில் கொளுத்துகிற நாளில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்கு எதிரே போய் நின்றான். அதற்கு முன்னால் அங்கே இருந்த செருப்புக்கடைக்காரரிடம் முறையாக அனுமதி கேட்டுக்கொண்டான். நாயகன் அனுப்பியதுபோலவே, 'உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்' என்று ஓர் அட்டையில் எழுதினான். 'உன்னை' என்பது மரியாதைக் குறைவாகப் பட்டதால் 'உங்களை' என்று திருத்தினான். அடியில் தன் பெயர், எக்ஸ்ரே பிரிவு, வேலை நேரம், தொலைபேசி எண் எல்லாம் போட்டான். பிறகு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் தாளில் சுற்றி அவளுக்கு அனுப்பினான்.

பலன் தெரிந்தாக வேண்டுமே. தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில் நான் மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு உண்மையிலேயே தலைவலிதான். அங்கே பக்கத்து ஸ்டூடியோவின் போட்டோகிராபர் ஒற்றை ரோஜாவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் அவர் மூக்குக்கு நேராக ஷட்டரை இழுத்துவிட்டாள். அவர் போன பிறகு பாதி திறந்து என்னை மட்டும் உள்ளே விட்டாள்.

"அக்கா, உங்க தம்பி தங்கமானவர். இத்தனை நாளா எதிர்லயே நிக்கறாரு, ஒரு பூ கொடுத்திருப்பாரா? ஒரு சாக்லேட்? ஒண்ணும் கிடையாது. ஓடாத கடிகாரத்தைக் கொடுத்துட்டுப் போறார். மனசுல விகல்பம் இருக்கறவன் இப்படியா பண்ணுவான்?"

எனக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. ஆனால் பழம் நழுவிப் பாலில் விழும்போது யார் காரணம் கேட்பார்கள்? இரண்டு மாத்திரையை முழுங்கிவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

அண்ணி பேரக் குழந்தையின் படங்களோடு திரும்பி வந்த அன்று குட்டு உடைந்தது. நான் பேக்கரிக்காரருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பல தடவை தேர்வில் தோற்றவர், மாவு பிசைகிற மாதிரியே ஸ்டியரிங்கைப் பிசைவார். அண்ணி போனில் கூப்பிட்டு, நூல், டப்பா, அண்ணாவின் கண் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். பின்னணியில் டீச்சர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தான் வாழ்க்கையில் ஒரு கொலைக் கதையைத் தொட்டதில்லை என்றும், தான் அழுத கதை காதல் கதைதான் என்றும், அதை இனி யாரும் மாற்ற முடியாது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அண்ணா போனை வாங்கினார்.

"உன் தம்பிகிட்டதான் முதல்ல சொன்னேம்மா. பாவம், கொலைகாரன் செஞ்சதையெல்லாம் செஞ்சிருக்கான். ஒரு நல்ல பூங்கொத்தா வாங்கிட்டுப் போய் மன்னிப்புக் கேளுன்னு சொல்லியிருக்கேன். கிளம்பிட்டான்."

எனக்கு இடம் மாறி உட்காரக்கூடத் தோன்றவில்லை. மருந்துக்கடைக்கு விடுங்கள் என்று பேக்கரிக்காரரிடம் கத்தினேன். அவரும் உயிரைக் கொடுத்து ஓட்டினார், ஆனால் வண்டி முனகிக்கொண்டே ஊர்ந்தது. காய்கறிப் பையோடு நடந்துபோன ஒரு அம்மா எங்களை முந்திப்போனார். சிக்னலில் நின்று திரும்பிப் பார்த்து அனுதாபப்பட்டார்.

வண்டியை விட்டு இறங்கி நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தம்பி கடைக்குள் இருந்தான். அவன் முகமே தெரியாத அளவுக்குப் பெரிய பூங்கொத்து. கவுன்டருக்குப் பின்னால் அவள் அலமாரியோடு ஒட்டி நின்றாள். ஒரு கையில் ஷட்டரை இழுக்கும் கம்பி.

"பூவைக் கீழ வைங்க" என்றாள். சத்தமே போடவில்லை. "உங்களைப் போய் நல்லவர்னு நினைச்சேனே."

தம்பி பூங்கொத்தை வாசலருகே இருந்த எடை பார்க்கும் மெஷின் மேல் வைத்தான். என் வாயில் எல்லாம் தயாராக இருந்தது. நீ பயந்தது காதல் கதையம்மா, அதில் யாரும் சாகப் போவதில்லை, பூ கொண்டு வருகிறவன் நல்லவன்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி கேட்பாள்: அப்படியென்றால் கடிகாரம் கொடுத்தவன் யார்? பூவை விளக்கினால் கடிகாரம் மாட்டிக்கொள்ளும், கடிகாரத்தைக் காப்பாற்றினால் பூ மாட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் திருப்பினாலும் என் தம்பி கொலைகாரன். வாசல் மிதியடியை என் வலது கால் அழுத்தியது அழுத்தியபடி இருந்தது. அதில் பிரேக் இல்லை.

தம்பிக்குப் படித்த நாவல் எதுவும் கைகொடுக்கவில்லை. கடைசியில் அவனுக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் வெளியே வந்தது.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

இத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்தக் குரலுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அவள் தோளை நிமிர்த்தி மூச்சை இழுத்துப் பிடித்தாள். கம்பி பிடித்த கை அப்படியே நின்றது. இவன் அவளைப் பார்க்கிறான், அவள் இவனைப் பார்க்கிறாள். அடுத்த வார்த்தையைக் காணோம். அவள் கன்னம் சிவக்க ஆரம்பித்தது. 'விடலாம்னு சொல்லுடா மடையா' என்று கத்த எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவன் முதல் அடி எடுத்து வைத்த நாளிலிருந்து நான்தான் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டே இருக்கிறேன். மிதியடியிலிருந்து காலை எடுத்தேன்.

"அன்னிக்கு உங்ககிட்ட இதைச் சொன்னப்போ நானும் மூச்சைப் பிடிச்சேங்க" என்றான் தம்பி. "இன்னும் விடல."

அவள் கண் விரிந்தது. பிறகு தவிப்போடு தன் வாயைச் சுட்டிக் காட்டினாள்.

"ஐயையோ, விடலாம், விடலாம்."

அவள் மூச்சை விட்டு, இருமி, கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். இது எந்தப் புத்தகத்தில் வருகிறது என்று கேட்டாள். எதிலும் இல்லை என்றான். அவள் கம்பியைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவள் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்ததைக் கவனித்தேன். தம்பி கொடுத்த கடிகாரம், ஓடிக்கொண்டிருந்தது. தம்பியும் நிமிர்ந்து அதைப் பார்த்தான்.

"பேட்டரி போட்டேன், ஓடுது" என்றாள் அவன் பார்வையைத் தொடர்ந்து. "கடையை மூடற நேரம்தான். கொஞ்சம் இருங்க, சேர்ந்தே நடந்து போகலாம். அந்தப் பூ மட்டும் வேண்டாம்."

பூங்கொத்தை எடுத்துக்கொண்டு நான் காருக்கு வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். பேக்கரிக்காரர் என் முகத்தையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து இருக்கைக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"மேடம், ஹேண்ட்பிரேக்கைப் போட்டுக்கிட்டே இவ்வளவு தூரம் வந்திருக்கோம் போல. எடுத்துடட்டுமா?"

"எடுத்துடுங்க" என்றேன்.