ஒரு கப்புக்கு ஒரு மூச்சு

காலை எட்டு பத்துக்குச் செல்வநாதனை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள். புதுச்சேரியிலிருந்து அவர் தம்பி பட்டறைக்குப் போன் செய்து சொன்னான். இதய ஆபரேஷன். கூட ஒருவர்தான் இருக்கலாம் என்றதால் தம்பி இருந்தான். செல்வநாதனின் மனைவி மதலேனா விருத்தாசலத்தில், பீங்கான் பட்டறையில், கப்புகளுக்குக் கோடு போட உட்கார்ந்தாள்.

சூளைக்காரன் கொளஞ்சிநாதனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"வூட்டுக்குப் போக்கா. போன் வந்தா நான் ஓடியாரேன்."

"வூட்ல போயி செவுத்தயா பாக்கறது? நீ போயி ஒன் சூளையப் பாரு. அணைஞ்சிகிணைஞ்சி போயிடப் போவுது."

அவள் இடது கை கப் வைத்த தட்டைச் சுழற்றியது. வலது கைப் பிரஷ் கப்பின் விளிம்பில் அசையாமல் நின்றது. கப்தான் சுற்றியது. கோடு கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும்வரை அவள் மூச்சு விடவில்லை. ஒரு கப்புக்கு ஒரு மூச்சு. பதினோரு வருஷமாக அவன் கண்முன் நடப்பதுதான். இன்றைக்குத்தான் பார்த்தான்.

பத்தரைக்குப் போன் அடித்தது. அவள் கை துள்ளி, கோட்டிலிருந்து ஒரு கீற்று மேலே ஏறிவிட்டது. கொளஞ்சி ஓடிப்போய் எடுத்தான். பெண்ணாடத்துக் கடைக்காரர். சரக்கு கிளம்பிவிட்டதா என்றார்.

அவன் திரும்பி வந்தபோது கீற்று காம்பாகியிருந்தது. அதில் மூன்று இலை. ஒருமுறை சுட்ட மண் சாயத்தை உறிஞ்சிவிடும், அழிக்க முடியாது.

"எப்புடிக்கா இன்னிக்கும் ஒனக்கு கை வருது?"

"கோடு போடறப்ப கோடு மட்டுந்தான் இருக்குது." அவள் இலையைக் காட்டினாள். "இப்ப கருப்பா இருக்குது. சூளையில வெந்தாத்தான் நீலம். நடுவுல கதவத் தொறந்து பாப்பியா நீ?"

"தொறந்தா எல்லாம் வெடிச்சிடும்."

"அங்கயும் கதவு சாத்தியிருக்குதுடா."

ஒன்றே காலுக்கு மறுபடி அடித்தது. இந்தமுறை கை துள்ளவில்லை. கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அதற்குள் கொளஞ்சி போனை வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"நல்லபடியா முடிஞ்சிருச்சாம்க்கா. டாக்டரே வெளிய வந்து சொன்னாராம்."

அவள் தலையை ஆட்டினாள். அடுத்த கப்பை வைத்தாள். தட்டைச் சுழற்றினாள். பிரஷ் விளிம்பைத் தொடாமல் நடுங்கியது. பக்கத்துப் பலகையில் நூறு கப்புக்குமேல், கோடு பிசகாமல் காய்ந்துகொண்டிருந்தன.

பிரஷ்ஷை அவனிடம் நீட்டினாள்.

"இந்த ஒண்ண மட்டும் நீ போடுறியா, கொளஞ்சி?"