நூற்று நாற்பத்து நான்கு

1

டெல்மரிடம் நேரில் சொல்லத் துணிவில்லாமல் இந்தக் கதையை எழுதுகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. கோழைக்கு இது பெரிய வசதி.

முதல் வரி இப்படி இருந்தது: ‘டெல்மர் பள்ளியை விட்ட அன்று அமெரிக்காவின் கெண்டக்கி மலைகளின் மேல் மழை…’ (மழை எதற்கு? பதினாறு வயதில் அப்பா கூரை வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான்.)

இப்போது வயது ஐம்பத்து மூன்று. முட்டி இரண்டும் போய்விட்டன. மாவட்டத்தில் கட்டட ஆய்வாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அது கிடைத்தால் ஏணி ஏற வேண்டாம். ஆனால் பள்ளிப் படிப்புக்கு ஈடான சான்றிதழ் வேண்டும். நான்கு தாள்களில் மூன்றில் தேறியிருந்தார். கணக்கில் இரண்டு முறை தோற்றிருந்தார். மூன்றாவது முறையும் தோற்றால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். விண்ணப்பமோ அந்த வார வெள்ளியோடு முடிந்துவிடும்.

நூலகத்தில் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

2

முதல் வரைவில் அவரைக் குடிகாரராக்கினேன், வகுப்புக்கு மட்டம் போடுபவராகவும். பழி என் மேல் விழாது பாருங்கள். கிழித்துப்போட்டேன். அவர் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நடந்தது இதுதான்:

“பதினொன்னே முக்கால் அங்குலத்துல பாதி?”

“அஞ்சு, அப்புறம் எட்டுல ஏழு.” பென்சிலைக்கூட எடுக்கவில்லை.

“எப்படிப் போட்டீங்க?”

“டேப்புல கோடு இருக்குல்ல டீச்சர்? கண்ண மூடினாலும் தெரியும்.”

“அங்க டேப் கிடையாது. எல்லாத்தையும் தசமமா மாத்திப் போடுங்க.”

“முப்பத்தேழு வருஷமா தசமம் தெரியாமத்தான் கூரை போட்டேன். ஒண்ணுகூட ஒழுகல.”

“அது கூரை டெல்மர். இது பரீட்சை.”

சிரித்தார். அன்றிலிருந்து மாற்றிக்கொண்டார்.

(என் கடைசிப் பேச்சை நீக்கிவிட்டும் எழுதிப் பார்த்தேன். கதை நன்றாகத்தான் இருந்தது.)

3

புதன்கிழமை மூன்றாவது தேர்வு. ஒவ்வொரு பின்னத்தையும் தசமமாக்கி, சந்தேகப்பட்டு, மறுபடி மாற்றி… கடைசி ஐந்து கேள்விகளைத் தொட நேரமில்லை. தேற நூற்று நாற்பத்தைந்து வேண்டும். ஒன்று குறைந்தது.*

தேர்வு மையத்துக்கு வெளியே தன் லாரியில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன் டீச்சர். எங்க தப்பு பண்ணேன்?”

“இன்னும் பயிற்சி வேணும்” என்றேன்.

“ஆமா. நம்ம மண்டை அப்படி” என்றார்.

* அவர் முறையில் போட்டிருந்தால் தேறியிருப்பாரா? தேறியிருப்பார்.

4

வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். டெல்மர் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு கூரை மேல் இருக்கிறார். இங்கிருந்தே சுத்தியல் சத்தம் கேட்கிறது. இனி வகுப்புக்கு வர மாட்டாராம்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: பிறகு அவர் தேறிவிட்டார் என்று மட்டும் எழுதாதீர்கள். படித்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.