தொப்பூர் இறக்கத்துச் சத்தம்

அப்பா அருள்சாமிக்கு லாரி. எனக்கு சினிமாவில் ஒலிப்பதிவு. தொப்பூர் இறக்கத்தில் அவர் வண்டி பிரேக் பிடித்து முனகுவதை மூன்று நாள் காத்துக்கிடந்து பதிவுசெய்து, ஒரு படத்தில் சேர்த்தேன். படம் வெளியான அன்றே அதைத் திருட்டுத்தனமாகச் செல்போனில் இறக்கிப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: “ஏஞ்சலின், நம்ம வண்டி சத்தமே கேக்கலையே?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “தியேட்டர்ல எவனோ போன்ல புடிச்சதப் பாத்தா எப்படிக் கேக்கும்? என் ஒழைப்ப நீங்களே திருடுறீங்களேப்பா!”

அப்பா செல்போனிலிருந்து அந்தப் படத்தை அழித்தார். மறுநாள் தருமபுரியில் தியேட்டருக்குப் போனோம். லாரி இறங்கும் காட்சியில் இருக்கையே அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் செல்போனைத் தூக்கித் திரையைப் படம்பிடித்தார். அப்பா எழுந்து அவர் தோளைத் தட்டினார்.

“அது என் வண்டிங்க. சத்தம் என் பொண்ணு புடிச்சது. போனை உள்ள வைங்க.”