சுவர் விரிசலைத் தின்ற படம்

செப்டம்பரில் நிலம் ஆடியபோது எங்கள் படுக்கையறைச் சுவர் பிளந்தது. ஜன்னல் மூலையிலிருந்து உத்தரம் வரை முடி கனத்தில் ஒரு கோடு. வெளிப்பக்கமும் போய்ப் பார்த்தேன், அங்கேயும் அதே கோடு. அடுத்தவன் சொல்லி நம்புகிற பழக்கம் எனக்கில்லை.

சேதத்தைப் படமெடுத்து அனுப்பினால்தான் குளிருக்கு முன் சுவரைக் கட்டித் தருவோம் என்றது நகராட்சி. என் மருமகன் ஓக்னியென் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். நல்ல கேமராவில் எடுத்து, என்னிடம் காட்டிவிட்டு அவனே அனுப்பினான். சுண்ணாம்படித்த மட்டையின் தடம்கூடத் தெரிந்தது.

நவம்பரில்தான் பதில் வந்தது. சேதம் இல்லை, வீடு குடியிருக்கத் தகுந்தது.

நேரே ஆபீசுக்குப் போனேன். பொறியாளர் கோர்தானா திரையை என் பக்கம் திருப்பினாள்.

"விரிசல் எங்க பெரியவரே? நீங்களே காட்டுங்க."

"இது என் சுவர் இல்லம்மா. எவனோ இஸ்திரி போட்டிருக்கான்."

"நீங்க அனுப்பினதுதான்."

மருமகனை வரவழைத்துக் கேட்டேன்.

"மாமா, ஒவ்வொரு படமும் எருமை கனம். அவங்க வெப்சைட் ஏத்துக்கல. படத்துக்குப் புதுசா ஒரு ஃபைல் வகை வந்திருக்கு, அதுக்கு மாத்தினா ரொம்பச் சின்னதாயிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது."

"எவன் கண்ணுக்கு?"

"பொதுவா சொன்னேன் மாமா. மெல்லிசா இருக்கிற கோடு, புள்ளியெல்லாம் வழிச்சுவிட்டாத்தான் சுருங்கும். நான் கொஞ்சம் அதிகமா சுருக்கிட்டேன் போல."

"பன்னியை அறுத்து, கறியைக் கொட்டிட்டு, தோலைக் கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்க மாப்பிள்ளை. சரி, பெரிய படத்தை எடுங்க."

"அழிச்சிட்டேன். இடத்தை அடைச்சுது."

அவனுக்கு இடம் வேண்டுமாம். எங்களுக்குச் சுவர் வேண்டாமா?

மறுபடி எடுக்கவும் வழியில்லை. ஸ்லாவா நெருங்கியிருந்தது. எங்கள் குடும்பத்துப் புனிதரின் நாள்; யாரையும் அழைக்க மாட்டோம், வந்தவரைத் திருப்பி அனுப்பவும் மாட்டோம். அதற்காக என் மனைவி மிலுங்கா விரிசலில் காரையைப் பூசி, மேலே இரண்டு கை சுண்ணாம்பும் அடித்துவிட்டாள்.

"ஊரே வர்ற வீட்ல கிழிஞ்ச சுவரையா காட்டச் சொல்றீங்க?" என்றாள்.

ஸ்லாவாவுக்கு முந்தைய நாள் சுத்தியலை எடுத்தேன். மிலுங்கா கத்தினாள், அழுதாள், கடைசியில் கட்டில்மேல் துணியைப் போர்த்தினாள். காரை விழுந்ததும் நானே ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். கோடு இப்போது விரல் கனம்.

கோர்தானாவுக்குப் போன் போட்டேன்.

"புதுசா படம் எடுத்து அனுப்புங்க பெரியவரே. சின்ன சைஸா இருக்கட்டும்."

"படம் கிடையாது. நாளைக்கு எங்க ஸ்லாவா. கூப்பிடக் கூடாது, அதனால கூப்பிடல. வழி மட்டும் சொல்றேன், கேட்டுக்கங்க."

வந்தாள். விருந்தாளிகள் முட்டைக்கோஸ் இலையில் கறி பொதிந்த சர்மாவைத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றிக் கொடுத்த ரக்கியாச் சாராயத்தைத் தொடாமல் நேரே படுக்கையறைக்குப் போய், கார் சாவியை விரிசலில் நுழைத்தாள். முழுச் சாவியும் உள்ளே போனது. உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்க யார் படுக்கிறது?"

"நானும் அவளும்."

"நிலம் ஆடினதுக்கு அப்புறமுமா?"

"குடியிருக்கலாம்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

அவள் கட்டிலை அந்த அறையைவிட்டு வெளியே எடுக்கச் சொன்னாள். கதவுப் பக்கம் நின்றிருந்த ஓக்னியென் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையைக் கோர்தானா பிடித்தாள். நான் கை கொடுக்கவில்லை.