பட்டில் மாட்டிய விரல்

விஜி வேலூரிலிருந்து பெங்களூருக்கு வந்தபின் கண்ட முதல் குளிர்காலம் அது. அல்சூரில் ஒரு புடவைக் கடையில் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தாள். மார்கழி பிறந்ததும் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சொரசொரப்பாகிவிட்டது. குளிருக்கு இதமாக ஆவி பறக்கும் வெந்நீரில்தான் குளித்தாள். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் சேர்ந்துகொண்டது. அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, கல்யாணப் பெண்ணுக்கு மயில்கழுத்து நிறப் பட்டை விரித்துக் காட்டும்போது, விரலில் கிளம்பி நின்ற தோலில் இழை ஒன்று மாட்டி நீளமாக இழுபட்டது. பெண்ணின் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் ராஜேந்திரன் சத்தம் போடவில்லை. "கையைக் காட்டும்மா" என்று வாங்கிப் பார்த்தார். "இந்தக் கையோட பட்டைத் தொடாத. வேற ஆளைத்தான் போடணும்."

மறுநாள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தாள். எண்ணெய்க் கை பட்டால் பட்டு கறையாகும் என்று அதற்கும் தடை. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதவளை, சிந்தெடிக் பிரிவில் இருந்த மமதா பார்த்துவிட்டாள். கன்னடப் பெண், ஜோகுபாளையத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவள்.

"அழுதா தோல் ஆறுமா? நீ என் கவுண்டர்ல நில்லு. உன் கை ஆறற வரைக்கும் நான் பட்டுல நிக்கறேன். சார்கிட்ட நான் பேசறேன்."

சாயங்காலம் பழைய காட்டன் சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தாள்.

"வெந்நீர் பேடா, வேண்டாம் விஜி, வெதுவெதுன்னு ஊத்திக்கோ. துடைச்சதும் ஈரம் காயறதுக்குள்ள கிரீம் போடு. பாத்திரத்துக்குக் கிளவுஸ். படுக்கும்போது கையில வாசலின் தடவி இதை மாட்டிக்கோ."

"கைக்கு சாக்ஸா?"

"சிரிக்காத. எங்க அக்கா ஆஸ்பத்திரில நர்ஸு. கை கழுவிக் கழுவி அவளுக்கும் இப்படித்தான் ஆகும்."

மமதா சொன்னதையெல்லாம் விஜி செய்தாள். பொங்கல் நெருங்கும்போது வெடிப்புகள் மூடி, விரல்கள் மிருதுவாகிவிட்டன. ஆனால் அதற்குள் மமதாவுக்குப் பட்டு வியாபாரம் நன்றாகக் கைவந்திருந்தது.

"மமதா இங்கயே இருக்கட்டுமே" என்றார் ராஜேந்திரன். பக்கத்தில் நின்ற விஜி, ஆறிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் தோன்றியது.

"இல்ல சார்," என்றாள் மமதா. "அவ கை ஆறற வரைக்கும்னுதான் கேட்டேன். ஆறிடுச்சு. இது அவ இடம்."

பஸ் ஸ்டாப்பில் விஜி கேட்டாள்: "உனக்கும் பட்டுல நிக்க ஆசைதானே?"

"ஆசைதான். அதுக்காக?"

விஜி மமதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த ஊர்ல எனக்குன்னு யாரும் இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன் மமதா. ரொம்ப தேங்க்ஸ்."

"அய்யோ, எல்லாரும் பாக்கறாங்க, விடுடி."

காலையில் கடை திறந்ததும் விஜி நேராக ராஜேந்திரனிடம் போனாள். "தை மாசம் கல்யாணக் கூட்டம் வரும் சார். பட்டுக்கு ஒரு ஆள் பத்தாது. மமதாவையும் போடுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, வரச் சொல்லு" என்றார்.

சிந்தெடிக் பிரிவு பின்கட்டில் இருந்தது. விஜி அங்கே வரைக்கும் ஓட்டமாகவே போனாள்.